தனிக் கவனிப்புப் பிரிவு

டீக்கு நன்றி மேடம். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் எனக்கு அப்படித்தான் பிடிக்கும். எங்கள் ஆபீஸ் மெஷினில் வருவதை டீ என்று சொல்ல மனசு வராது.

பக்கத்து அறையில் இருக்கும் போலீஸ்காரர்களை அனுப்பிவிடலாம். என்னிடம் சத்தம் போட வேண்டிய அவசியம் இருக்காது. கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வதுதான் என் தொழில்.

பெயர் அறிவுச்செல்வன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், அப்பா கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். நான் பி.காம். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி இருக்கும் கால் சென்டரில் சில வருடங்களாக வேலை. இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பேங்க்குக்கு அவர்கள் கஸ்டமர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது நாங்கள்தான். எந்த பேங்க் என்று நீங்கள் இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். மன்னிக்கணும், அதை வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ரகசியம் காப்பதில் எங்கள் கம்பெனியை யாரும் குறை சொல்ல முடியாது. வாசலில் உண்ணாமலை அக்கா என்று செக்யூரிட்டி நிற்பார். போன், பேனா, பேப்பர், கைக்கடிகாரம் எல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம் சாதத்தைக் கிளறிப் பார்ப்பார். ஒருமுறை லண்டனிலிருந்து ஆடிட்டர்கள் வந்தார்கள். மாலை போட்டு, பெரிய கோயிலில் தரிசனம் செய்துவைத்துக் கூட்டிவந்தோம். ஜன்னல் வழியாக யாராவது எங்கள் கம்ப்யூட்டர் திரையைப் படித்துவிடலாம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. வெளியே ஒரு காலி மனை, அதில் ஒரு எருமை கட்டியிருக்கும். மறுநாளே எல்லா ஜன்னலிலும் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். எருமைக்கு எதுவும் தெரியாமல் போயிற்று.

இத்தனை சோதனைக்கும் அப்புறம் உள்ளே உட்கார்ந்தால், திரையில் யாரோ ஒரு மனுஷியின் மொத்த வாழ்க்கையும் விரிந்து கிடக்கும். எந்தக் கடையில் ரொட்டி வாங்குகிறார், எந்த டாக்டரைப் பார்க்கிறார், பேரப் பிள்ளைக்குப் பொம்மை வாங்குவதை எப்போது நிறுத்தினார். குறித்துக்கொள்ளப் பேனா கிடையாது. எனக்குத் தேவைப்பட்டதும் இல்லை. ஒரு தடவை பார்த்தால், கேட்டால், எனக்கு மறக்காது. தலையைக் கழற்றி வைக்க உண்ணாமலை அக்காவிடம் லாக்கர் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து பேங்க் இப்படி இருக்காது. கேஷியர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவார். "யோவ், உன் பொண்டாட்டி நகை ஏலத்துக்குப் போவுது, எப்பய்யா வந்து மூட்டுக்கினு போற?" க்யூவில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் நாலு பேர் அக்கறையாக விசாரிப்பார்கள். நான் அப்படி வளர்ந்தவன். ஒருவருடைய கஷ்டம் தெரிந்தால் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். லண்டன்காரர்களுக்கு அது தப்பாகப் படுகிறது என்றால், பழக்கவழக்கம் வேறு, அவ்வளவுதான்.

ஆபீசில் என் பெயர் ஆலன். தனிக் கவனிப்புப் பிரிவில் போட்டிருந்தார்கள். வயதானவர்கள், கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள், போனில் தடுமாறுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் தனி நம்பர். ஒருவருக்கு எப்போதும் ஒரே ஆள்தான் பேசுவார். டோரீன் அம்மா எனக்கு வந்தது அப்படித்தான். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் வால்டர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் வால்டரின் போனுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

அவசரமாகத் தடுத்தார். "வேண்டாம் ஆலன். அந்த நம்பருக்கு அடிச்சா அவர் குரல் வரும். 'நான் இப்ப வெளியே போயிருக்கேன், சேதி இருந்தா சொல்லுங்க'ன்னு சொல்லும். அதுக்காகத்தான் கட்டறேன்."

இதை அவர் பெற்ற மகனிடம்கூடச் சொன்னதில்லை. என்னிடம் சொன்னார். நீங்களே சொல்லுங்கள் மேடம், நான் என்ன செய்ய முடியும்? கேட்டுவிட்டேன்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தரமாவது கூப்பிடுவார். கார்டில் ஒரு பிரச்சினையும் இருக்காது. ஒருநாள், வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கேயாவது போய்விட்டு வர வேண்டும்போல இருக்கிறது என்றார். நான் எந்த நாட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் தென்னிந்தியாவில் ஒரு மலைக்குப் போய்விட்டு வந்தார், அதைச் சுற்றி நடந்தாலே மனசு அடங்குகிறதாம் என்று மட்டும் சொன்னேன். ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். நம் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அதன் பிறகு அவர் வந்ததை நான் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். விசாவுக்குக் கட்டினார். டிக்கெட் போட்டார். சென்னை ஏர்போர்ட்டில் காபி. திண்டிவனத்தில் டிபன். சொந்தக்காரர் வருகிறார் என்று பஸ் ஸ்டாண்டில் காத்திருப்போமே, அந்த மாதிரி இருந்தது. எந்த கெஸ்ட் ஹவுசில் இறங்கினார் என்று கார்டே சொல்லிவிட்டது. மறுநாள் காலை நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். போனில் கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன உருவமா என்று ஆச்சரியமாக இருந்தது.

பரசுராமனைப் பற்றிக் கேட்டீர்கள். என் பெரியப்பா மகன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகக் கரும்பு ஜூஸ் கடை வைத்திருந்தார். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. கடையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தாடி வளர்ந்துவிட்டது. வெயிலுக்குத் தலையில் போட்ட துண்டு காவி நிறமாக இருந்தது தற்செயல். ஜூஸ் குடிக்க வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் எதிரே சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார்கள். அடுத்த வாரம் ஆறேழு பேர் வந்தார்கள். ஜூஸைவிட மௌனம் நன்றாகப் போயிற்று. அண்ணிக்கு மெஷின் கழுவுகிற வேலை மிச்சம்.

மௌனத்தை இங்கிலீஷில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு ஷிப்ட் மத்தியானம்தான், காலையில் சும்மாதான் இருந்தேன்.

டோரீன் அம்மாவை அங்கே கூட்டிப்போவது கஷ்டமாக இல்லை. கிரிவலப் பாதையில் தனியாக நடக்கிற வெள்ளைக்கார அம்மாவிடம் யார் வேண்டுமானாலும் பேசலாம். அந்த அம்மா அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். அண்ணன் வழக்கம்போல அவரைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சுவாமி சொல்றாங்க, உங்க வீட்டுக்காரர் குரலைப் பெட்டியில பூட்டி வெச்சிருக்கீங்க. அவர் வெளியேதான் போயிருக்கார்."

அந்த அம்மா அழுததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிறு பிள்ளை மாதிரி. அண்ணன் பயந்துபோய் என்னைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, சந்தோஷம் என்று சைகை காட்டினேன். உண்மையும் அதுதான். அழுது முடித்ததும் முகம் தெளிந்திருந்தது. இதற்கு ஆஸ்பத்திரியில் பீஸ் வாங்குவார்கள்.

குரல் அடையாளம் தெரியாதா என்று கேட்கிறீர்கள். ஆலன் பேசுவது பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். அறிவு பேசுவது கீழ்பென்னாத்தூர் இங்கிலீஷ். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. காலையில் அவர் என்னிடம், பேங்க்கில் ஆலன் என்று ஒரு பையன் இருக்கிறான், தங்கமான பையன் என்பார். மத்தியானம் போன் செய்து, இங்கே அறிவு என்று ஒருத்தன் இருக்கிறான் ஆலன், அவ்வளவு நல்லவன் என்பார். என்னைப் பற்றி இன்னொருவரிடம் யாரும் நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த அம்மா தினமும் இரண்டு வேளை பேசினார்.

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னலே அதிர்கிற மாதிரி ஒரு இடி. "அங்கயும் இடியா ஆலன்? இங்கயும் இப்பதான் இடிச்சுது," என்றார். "எங்க ஊர்ல எப்பவும் மழைதானே மேடம்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இனி ஆபரேஷன் விஷயம். வயிற்றுக்குள்ளே பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. வெடிப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று அவர் ஊர் டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே கொஞ்ச நாள் இருந்து மனசைத் தேற்றிக்கொண்டு, திரும்பிப் போய் தனியார் ஆஸ்பத்திரியில் சேருவதாக ஏற்பாடு. முன்பணம் கட்டும் தேதிகூட ஆலனிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவருக்குக் கத்தி என்றால் பயம். சுவாமியிடம் கேட்டார். நான் அண்ணனுக்குத் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கழுத்துத் துண்டை எடுத்தார். தழும்பைக் காட்டினார். விரலால் கோடு கிழிப்பது மாதிரி செய்தார், கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது மாதிரி செய்தார், எழுந்து உட்கார்ந்து கட்டை விரலைத் தூக்கினார். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்து, போ, போ என்று கையை ஆட்டினார்.

நான் சொன்னேன்: "கத்தி பட்டா ஆத்மா உறங்கிடும்னு சுவாமி சொல்றாங்க. இந்த மலை உங்களை எழுப்பிவிடும். பயத்தைப் போ போன்னு விரட்டச் சொல்றாங்க."

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தான் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்று திருப்தியாகத் தலையை ஆட்டினார். டோரீன் அம்மா அந்தத் தலையாட்டலைப் பார்த்துக் கும்பிட்டார். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் அப்படி இப்படி ஆகும் மேடம். எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயம்தான்.

அவர் மகன் கிரேம் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்பம்மா வர்றே, ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று. அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். அதனால் ஒரு மண்டலம் வீட்டாரோடு பேசாமல் மௌனம் இருக்கச் சுவாமி சொன்னதாகச் சொன்னேன். பேங்க்கோடு பேசினால் மௌனம் கலையுமா என்று கேட்டார். கலையாது என்று சுவாமி சொல்லிவிட்டார்.

மகன் பதறிப்போய் பேங்க்குக்கே கூப்பிட்டார். அம்மாவின் கணக்கு என்பதால் என்னிடம் வந்தது. "அம்மா போனை எடுக்கல. கடைசியா கார்டை எங்க போட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்," என்றார். கஸ்டமர் விவரத்தை மூன்றாம் நபருக்குத் தர முடியாது என்றேன். "நான் மூணாவது ஆளா? அவங்க பெத்த பிள்ளை," என்றார். அவர் கஷ்டம் புரிகிறது, ஆனால் அவருடைய அம்மாவின் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம் என்றேன். கத்தினார். அழுதார். அவர் அம்மா அந்த நேரத்தில் அடி அண்ணாமலையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் டீம் லீடர் சந்திரகலா மேடம் அந்த அழைப்பை ஒலிப்பதிவில் கேட்டுவிட்டு முழு மதிப்பெண் போட்டார். அந்த மாதம் தகவல் பாதுகாப்புக்கான கேடயம் எனக்குத்தான். போட்டோ இன்னும் நோட்டீஸ் போர்டில் இருக்கும், நீங்கள் கழற்றாமல் இருந்தால்.

ஐப்பசியில் அவர் இறந்துபோனார். காலையில் கெஸ்ட் ஹவுஸ் படியில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி வழிக்கு மேல் பிடி இல்லை.

கிரேம் வந்தார். காரியமெல்லாம் முடிந்தபின், அம்மா கடைசியில் நிம்மதியாக இருந்த இடம் என்று கேள்விப்பட்டு அண்ணனைப் பார்க்கவும் வந்தார். நல்ல மனுஷன். தூங்கிப் பல நாள் ஆன முகம். அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. பிழை செய்தேன் என்றால் இந்த ஒரு இடத்தில்தான்.

"அம்மா நிம்மதியா இருக்காங்கன்னு சுவாமி சொல்றாங்க. பிப்பின் அவங்க காலடியிலேயே படுத்திருக்கு," என்றேன்.

அண்ணன் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த கிரேம் கண்ணைத் திறந்தார். "பிப்பின் யாரு?"

"நீங்க சின்ன வயசுல வளர்த்த நாய்."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்ல நாயே வளர்த்தது இல்ல. அம்மாவுக்கு நாய் முடி பட்டாலே தும்மல் வரும். முதல்ல வளர்த்த பிராணி எதுன்னு பேங்க்குல ரகசியக் கேள்வி கேப்பாங்க, நெசத்தைச் சொல்லாதம்மா, யாராவது திருடிடுவாங்கன்னு நான்தான் அந்தப் பேரை இட்டுக்கட்டிச் சொல்லிக்குடுத்தேன். அது எனக்கும் அம்மாவுக்கும் பேங்க்குக்கும்தான் தெரியும்."

ரகசியக் கேள்விக்குப் பொய்யான பதில் தருவது விதிமுறைக்கு விரோதம். அதைப் பற்றி அவரை இதுவரை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் இப்போது மேஜையில் வைத்திருக்கிற ஒலிப்பதிவு எது என்று எனக்குத் தெரியும். அவர் இறப்பதற்கு முந்தின வாரம் பேசியது. போட வேண்டாம் மேடம். நானே சொல்கிறேன்.

அன்று காலை நான் கடைக்குப் போகவில்லை. ஆபீசில் தகவல் பாதுகாப்பு வகுப்பு, வரக் கட்டாயம். நான் இல்லாத நேரத்தில் டோரீன் அம்மா வந்திருக்கிறார். அண்ணன் தன் மகள் போனை வாங்கி, மொழிபெயர்க்கிற ஆப்பில் தமிழில் தட்டிக் காட்டியிருக்கிறார். "எனக்கு ஆபரேஷன் பண்ணித்தான் உயிர் பிழைச்சேன். நீ ஏன் இன்னும் போகல? சீக்கிரம் ஊருக்குப் போம்மா." அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் செய்த வேலையை ஒரு ஆப் நிமிஷத்தில் காலி செய்துவிட்டது. எங்கள் தொழிலில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

மத்தியானம் ஆலனுக்குப் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு தெளிவு. "ஆலன், நான் வீட்டுக்குப் போறேன். டிக்கெட் போடறேன், ஆஸ்பத்திரிக்கும் இன்னிக்கே கட்டிடறேன். அறிவுகிட்ட சொல்லிட்டுப் போகணும், பாவம், வருத்தப்படுவான்."

நான் வருத்தப்பட்டேன். அவர் போய்விட்டால் காலையில் அறிவு இருக்க மாட்டான். ஆபரேஷன் முடிந்து மகன் வீட்டுக்குப் போய்விட்டால் ஆலனும் தேவைப்பட மாட்டான். அந்த இரண்டு பேரும் இல்லாத எனக்கு மல்லாட்டைக் கொல்லையில் என்ன இருக்கிறது?

வெளிநாட்டிலிருந்து ஒரே நாளில் இரண்டு பெரிய தொகை. வழக்கத்துக்கு மாறான பரிமாற்றம். சந்தேகம் வந்தால் கார்டையும் கணக்கையும் நிறுத்திவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஒரு பட்டன்தான். அழுத்தினேன்.

"உங்க பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கேன் மேடம். சரிபார்த்து விட கொஞ்ச நாள் ஆகும்," என்றேன். மகனிடம் பணம் கேட்டு வாங்கிக் கட்டலாமா என்றார். கணக்கு விவரத்தைக் குடும்பத்தாரிடம்கூடப் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது நல்லது, இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று தெரியவில்லை என்றேன். "சரிப்பா, உனக்குத்தான் தெரியும்," என்றார். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. அந்தத் தடையைத் தூக்க வேண்டியவனும் நான்தான். தூக்கவில்லை. ஆட்டோவில் அவர் கை தளர்ந்தபோதும் அது அப்படியே இருந்தது.

இதைக் கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் அதில் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டுக்காரனை நம்பிக் கொடுத்தால் பணம் போய்விடும் என்று அங்கே பேப்பரில் எழுதுகிறார்களாம். அந்த அம்மாவின் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள் மேடம். நான் நிறுத்திவைத்த அன்றைக்கு எவ்வளவு இருந்ததோ, ஒரு பைசா குறையாமல் அப்படியே பத்திரமாக இருக்கிறது.